ஏர்க்குடியும் போர்க்களமும்: முதலாம் உலகப் போரிற் பஞ்சாப் விவசாயக் குடும்பம்

1

போருக்கு மகனை அனுப்பும் தாய் தமிழிலக்கிய மாணவர் அனைவருக்கும் அறிமுகமானவள். புறநானூற்றிலே அவளைச் சந்திக்கிறோம். பிற்கால இலக்கண மரபு அவள் நிலையை ‘மூதின் முல்லை’ எனத் துறையாக வகுத்துப் பெயரிட்டது. இத்துறைச் செய்யுட்களை விளக்கப் புகுந்தோரிற் பெரும்பாலார் அத்தாயின் மறத்தினை வியந்ததோடு அமைந்தனர். அக்குடும்பம் எதனை உண்டு வாழ்ந்தது, மகன் போனபின் யார் உழைத்தனர், போரினாற் பயன்பெற்றோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டமை குறைவு. பேராசிரியர் க. கைலாசபதி வீரயுகப் பாடல்கள் பற்றி 1968 இல் வெளியிட்ட ஆங்கில நூல் இச்செய்யுட்களைச் சமுதாய அமைப்போடு இணைத்து நோக்குவதற்கு வழிகாட்டியது. எனினும், பண்டைக் காலத்துக்கு நமக்குள்ள சான்றுகள் பெரிதும் செய்யுட்களே ஆதலின், அக்குடும்பத்தின் வரவு செலவினை அறிதல் அரிதாகவே உள்ளது.

இந்நிலையில், இவ்வினாக்களுக்கு ஆவணங்களின் துணைகொண்டு விடைகாணக்கூடிய ஒரு காலத்தையும் இடத்தையும் தெரிந்தெடுத்து ஆராய்தல் பயனுடைத்து எனக் கருதுகிறோம். 1914 தொடக்கம் 1918 வரையான முதலாம் உலகப் போர்க் காலத்துப் பஞ்சாப் மாகாணம் அத்தகையது. அங்கு நிலவரிப் பதிவேடுகள் உள. ஆட்சேர்ப்பு அறிக்கைகள் உள. தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த சிப்பாய்களின் கடிதங்களும் உள. உழவர் குடும்பமொன்று தன் இளைஞரைப் படைக்கு அனுப்புவது வீரத்தினாலா, வறுமையினாலா, வற்புறுத்தலினாலா என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பிரச்சினையாகும்.

2

பிரித்தானிய ஆட்சியாளர் இவ்வினாவுக்கு அளித்த விடை மிக எளிமையானது. பஞ்சாபியர் பிறப்பினாலேயே போர்க்குடியினர் என்பதே அது. இக்கோட்பாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, அது மானிடவியல் உண்மை அன்று, அரசியற்றேவை என்பது புலனாகும். 1849 இலேயே பஞ்சாப் பிரித்தானியர் வசமாயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 1857 இல், வங்காளப் படையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்கப் பஞ்சாபிலே திரட்டப்பட்ட படைகள் உதவின. கிளர்ந்தெழுந்த பிரதேசத்தவர் நம்பத்தகாதவர், உதவிய பிரதேசத்தவர் நம்பத்தக்கவர் என்னும் அரசியற் கணிப்பு, காலப்போக்கில், முன்னவர் வீரமற்றவர், பின்னவர் வீரர் என்னும் இனக்கோட்பாடாக உருமாறியது. வடமேற்கெல்லையில் ருஷியா பற்றிய அச்சம் அதனை மேலும் வலுப்படுத்தியது.

இக்கோட்பாட்டினை நடைமுறைப்படுத்தியவருள் முதன்மையானவர் றொபேட்ஸ் பிரபு ஆவர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகவும் இருந்த அவர், தென்னாட்டுச் சிப்பாய் போர்க்குணத்தை இழந்துவிட்டான் எனத் தீர்மானித்தார். கிழக்கிந்தியக் கம்பனிக்குத் தென்னாட்டை வென்று கொடுத்த சென்னைப் படையின் தமிழ், தெலுங்குப் பட்டாளங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. வீரயுகப் பாடல்களைத் தன்னகத்தே கொண்ட மொழியொன்றின் மக்கள், அரசாணையொன்றினால் வீரமற்றோராயினர். இதனை நாம் இங்கு சுட்டுவது தமிழர் வீரத்தை நிலைநாட்டுதற்கன்று. ‘வீரம்’ என்பது எவ்வாறு நிருவாகத்தினால் வழங்கவும் பறிக்கவும்படும் தகுதியாயிற்று என்பதைக் காட்டுதற்கேயாம். 1914 இற் போர் தொடங்கியவேளை, இந்தியச் சிப்பாய்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் பஞ்சாப் மாகாணத்தவராய் இருந்தனர். பின்னர் போரின் பசி பெருகியபோது, அதுகாறும் போர்க்குடியல்லாதோர் எனத் தள்ளப்பட்ட பல சாதியினரும் படையிற் சேர்க்கப்பட்டனர். கோட்பாடு தேவைக்கேற்ப வளைந்து கொடுத்தது.

3

படைக்கு ஆட்களை மிகுதியாக அனுப்பிய பகுதிகளுள் இராவல்பிண்டி, ஜீலம் ஆகிய மாவட்டங்கள் முதன்மையானவை. இவை வளமிக்க கால்வாய்ப் பாசன நிலங்களல்ல. மழையை நம்பிய மேட்டுநிலங்கள். இத்தகைய நிலத்தை அப்பிரதேசத்தார் ‘பாரானி’ என்பர். தந்தையின் நிலம் புதல்வர் அனைவருக்கும் சமமாகப் பிரிக்கப்படும் வழக்கம் இருந்தமையால், ஒவ்வொரு தலைமுறையிலும் நிலத்துண்டு சிறுத்தது. ஆனால் நிலவரியோ பணமாகச் செலுத்தப்படவேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் வரி பொய்ப்பதில்லை. உழவன் வட்டிக்காரனை நாடினான். அவனது நிலம் ஈட்டுக்குப் போயிற்று.

நிலம் வட்டிக்காரர் கைக்கு மாறுவது படையின் அடித்தளத்தையே குலைத்துவிடும் என்று ஆட்சியாளர் அஞ்சினர். 1900 இல் நிறைவேற்றப்பட்ட பஞ்சாப் நில உரிமைமாற்றச் சட்டம், ‘விவசாயக் குடிகள்’ என அரசு குறித்த சாதியினரின் நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடைசெய்தது. இது உழவன்மீது கொண்ட இரக்கமாக எடுத்துரைக்கப்பட்டது. ஆனால் சிப்பாயின் குடும்பம் நிலமிழந்து சினங்கொள்ளுதல் ஆகாது என்னும் கவலையும் அதனுள் அடங்கியிருந்தது. அச்சட்டம் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியாரைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியமையும் மனங்கொள்ளத்தக்கது. சட்டம் கடனை ஒழிக்கவும் இல்லை. மல்கம் டார்லிங் என்னும் குடியியற்சேவை அதிகாரி 1925 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாம் ஆராய்ந்த நில உடைமையாளருள் நூற்றுக்குப் 17 பேரே கடனற்றோராயிருந்தனர். சிறு நிலம் கொண்டு கடனின்றி வாழ்வதற்கு வெளிவருவாய் ஏதேனும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. பட்டாளச் சம்பளம் அத்தகைய வெளிவருவாய்களுள் ஒன்றாயிருந்தது.

அச்சம்பளம் எவ்வளவு? போர் தொடங்கியபோது காலாட்படைச் சிப்பாய் ஒருவன் மாதந்தோறும் 11 ரூபா பெற்றான். 1917 இல் இலவச உணவு வழங்கப்படும்வரை, அதிலிருந்தே அவன் தன் உணவுச் செலவையும் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. தொகை சிறிதே. ஆயினும் மழையையும் சந்தை விலையையும் சாராது மாதந்தோறும் வருவது. வரி கட்டும் நாளிற் கைக்கு உதவுவது. சேவை முடிவிலே ஓய்வூதியமும், நல்லூழ் வாய்ப்பின் கால்வாய்க் குடியேற்றத்தில் நிலமும் கிடைக்கும். செனாப், ஜீலம் நதிகளின் நீரைக் கொண்டு உருவாக்கப்பட்ட புதுக் குடியேற்றங்களில் ஒரு பகுதி நிலம் ஓய்வுபெற்ற படையினருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1907 இல் அக்குடியேற்றவாசிகளின் உரிமைகளை ஒடுக்கும் சட்டமூலமொன்று கொண்டுவரப்பட்டபோது, பெருங் கிளர்ச்சி மூண்டது. லாலா லஜபதிராயும் அஜித் சிங்கும் மாந்தலேக்கு நாடுகடத்தப்பட்டனர். எனினும் படையினரிடையே அதிருப்தி பரவும் என்னும் அச்சத்தால் இராசப்பிரதிநிதி மின்ரோ பிரபு அச்சட்டமூலத்துக்கு ஒப்புதல் அளிக்க மறுத்தார். வயலும் பாசறையும் ஒன்றோடொன்று எத்துணை நெருக்கமாகப் பிணைந்திருந்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இப்பின்னணியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக் கொள்வோம். சிறிதளவு பாரானி நிலம், புதல்வர் மூவர். நிலம் மூவருக்கும் போதாது. ஒருவன் ஏருடன் நிற்பான். ஒருவன் பட்டாளத்துக்குப் போவான். மற்றவன் கடல் கடந்து கனடாவுக்கோ கலிபோர்ணியாவுக்கோ கூலிக்குப் போவான். படைக்குப் போவது இங்கு வீரச்செயலாக அன்றிக் குடும்பத்தின் உழைப்புப் பங்கீட்டின் ஓர் உறுப்பாகவே அமைகின்றது. இன்னொன்றும் கவனிக்கற்பாலது. அம்மகனை இருபது வயதுவரை ஊட்டி வளர்த்தது குடும்பம். அவன் ஊனமுற்றுத் திரும்பின் தாங்குவதும் குடும்பமே. இடைப்பட்ட வலிமை மிக்க ஆண்டுகளை மட்டும் பேரரசு குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டது. உழைப்புச் சக்தியின் மீளுற்பத்திச் செலவைக் கிராமத்தின் தலையிற் சுமத்திவிட்டுப் பயனை மட்டும் கொள்ளும் இம்முறை தோட்டத்துறையிலும் சுரங்கத்துறையிலும் நாம் காணும் குடியேற்றவாதப் பொருளாதார முறையே ஆகும்.

ஆயினும், சம்பளமே அனைத்துமாம் எனக் கூறின் அது இயந்திரப் பாங்கான விளக்கமாகிவிடும். ‘இஸ்ஸத்’ எனப்படும் மானவுணர்வும், ‘பிராதரி’ எனப்படும் உறவுக்குழுக் கட்டும் அக்குடும்பத்தார் உள்ளத்தில் உண்மையாகவே செயற்பட்டன. தந்தை பணிபுரிந்த பட்டாளத்திலேயே மகனும் சேர்ந்தான். பதக்கம் அணிந்து திரும்பியவனுக்கு ஊர்ச்சபையில் மதிப்பிருந்தது. இக்கருத்துநிலை ஆட்சியாளர் வெறுமையிலிருந்து படைத்ததன்று. உழவர் சமுதாயத்தில் ஏலவே இருந்ததை அவர்கள் தமக்கேற்ப ஒழுங்குபடுத்தினர். சாதிவாரியாகக் கம்பனிகளை அமைத்தமையும், சீக்கியப் பட்டாளங்களிற் சமய ஒழுக்கத்தைக் கட்டாயமாக்கியமையும் அவ்வொழுங்கின் பகுதிகளே.

4

போரின் முற்பகுதியில் இத்தூண்டுதல்கள் போதியனவாயிருந்தன. 1914 செப்ரெம்பர் இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. 1915 மார்ச்சில் நடந்த நெவ் சப்பேல் சமரில் அவை பேரிழப்பை எய்தின. அவ்வாண்டின் இறுதியிற் காலாட்படைப் பிரிவுகள் மெசப்பொத்தேமியாவுக்கு மாற்றப்பட்டன. 1916 ஏப்ரில் 29 இல் கூத் நகரில் முற்றுகையிடப்பட்டிருந்த படை துருக்கியரிடம் சரணடைந்தது. இறந்தோர், ஊனமுற்றோர், சிறைப்பட்டோர் பற்றிய செய்திகள் கிராமங்களை எட்ட எட்டத் தாமாக முன்வருவோர் தொகை குறைந்தது. ஆனால் தேவையோ பெருகியது.

1913 முதல் 1919 வரை பஞ்சாபின் ஆளுநராயிருந்த மைக்கல் ஓ'டுவயர் குடியியல் நிருவாகம் முழுவதையும் ஆட்சேர்ப்பு இயந்திரமாக மாற்றினார். வரி வசூலிக்கும் தாசில்தாரும், வட்டாரத் தலைவரான ஸைல்தாரும், ஊர்த்தலைவரான லம்பர்தாரும் ஆள் பிடிப்போராயினர். 1918 ஏப்ரிலில் டெல்லியிற் கூடிய போர் மாநாட்டின்பின் பஞ்சாபுக்கு மட்டும் ஓராண்டில் 2 இலட்சம் ஆட்கள் என இலக்குக் குறிக்கப்பட்டது. இலக்கு மாவட்டந்தோறும், ஊர்தோறும் பிரித்தளிக்கப்பட்டது. ஊர்த்தலைவனின் பதவியும் பரிசும் அவன் ஒப்படைக்கும் தலைகளின் எண்ணிக்கையில் தங்கியிருந்தன. செல்வர் பணங்கொடுத்துப் பிறர் மக்களைத் தம் மக்களுக்கு ஈடாக அனுப்பினர். பணமற்றோரின் மக்கள் போயினர். கிராமம் ஒரே மனத்தோடு தன் இளைஞரை அனுப்பிற்று என்னும் கூற்று இவ்விடத்திற் பொய்யாகின்றது. கிராமத்துள்ளும் வர்க்கங்கள் இருந்தன.

1919 நிகழ்ச்சிகளை விசாரிக்க இந்தியத் தேசிய காங்கிரஸ் அமைத்த குழு 1920 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, ஆட்சேர்ப்பில் நடந்த பலவந்தங்களுக்குச் சாட்சியங்களைத் தொகுத்துத் தருகின்றது. காந்தியடிகளும் சி. ஆர். தாசும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். ஷாபூர் மாவட்டத்தில் ஆட்சேர்ப்பில் மூர்க்கம் காட்டிய தாசில்தார் ஒருவர் போரின் இறுதிக் கட்டத்திற் கிராமத்தவராற் கொல்லப்பட்டார். பிறப்பிலேயே போருக்கு விழைந்தவர் எனப்பட்ட மக்கள் போருக்குப் போக மறுத்து ஆயுதம் ஏந்தினர் என்பது கருதத்தக்க முரண்.

போர் முடிவதற்குள் பஞ்சாப் ஏறக்குறைய 3½ இலட்சம் போர்வீரரை வழங்கியிருந்தது. அம்மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடி. கைம்மாறாக, சிறப்புறப் பணியாற்றிய படையினருக்கென ஏறத்தாழ 1,80,000 ஏக்கர் கால்வாய் நிலம் ஒதுக்கப்பட்டது. தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்கு 25 ஏக்கர் வீதம் பங்கிடின் 7,200 பேருக்கே அது போதும். அதாவது நூற்றுக்கு இருவருக்கு. எஞ்சிய 98 பேரின் குடும்பங்களும் அந்நிலத்தை எதிர்பார்த்தே மக்களை அனுப்பியிருத்தல் கூடும். ஆட்சேர்ப்புக்கு உதவிய பெருநிலக்கிழாருக்கும் தரகருக்கும் தனியாக நிலம் ஒதுக்கப்பட்டது. போருக்குப் போனவனும் பரிசு பெறலாம்; பிறர் மகனைப் போருக்கு அனுப்பியவனோ பரிசினை உறுதியாகப் பெற்றான்.

5

சிப்பாய்கள் இதனை எவ்வாறு உணர்ந்தனர்? பிரான்சிலிருந்து சென்ற கடிதங்களையும் அங்கு வந்த கடிதங்களையும் தணிக்கை செய்வதற்கு 1914 இன் இறுதியில் ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. அங்கு மொழிபெயர்க்கப்பட்ட பகுதிகள் இலண்டனிற் பாதுகாக்கப்பட்டுள்ளன. டேவிட் ஒமிசி அவற்றுள் ஒரு தொகுதியை 1999 இற் பதிப்பித்தார். பெரும்பாலான சிப்பாய்கள் எழுத்தறிவற்றோர். ஒருவன் சொல்ல மற்றொருவன் எழுதுவான். ஊரில் ஒருவன் படிக்கப் பலர் கேட்பர். தணிக்கை உண்டென்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே இக்கடிதங்களை அந்தரங்க உள்ளத்தின் நேரடி வெளிப்பாடாகக் கொள்ளுதல் தவறு. அரசனுக்கு விசுவாசம் கூறும் வாசகங்களும் அவற்றுள் நிறைய உள.

ஆயினும் அவ்வாசகங்களுக்கிடையே வேறொரு குரலும் கேட்கின்றது. இந்தியச் சிப்பாயைக் கருமிளகு என்றும் வெள்ளைச் சிப்பாயைச் செம்மிளகாய் என்றும் மறைபொருளாகக் குறித்து, கருமிளகு தீர்ந்து வருகின்றது எனச் சிலர் ஊருக்கு அறிவித்தனர். தம்பியைப் படையிற் சேர்க்கவேண்டாம் என வேண்டும் கடிதங்கள் பல. கடன் அடைந்ததா, எருமை கன்று ஈன்றதா, மழை பெய்ததா, வழக்கு என்னாயிற்று என்னும் வினாக்கள் இன்னும் பல. அகழியிற் கிடந்தவனின் உள்ளம் வயலிலேயே இருந்தது. அவன் சீருடை அணிந்த உழவனே.

தாயும் மனைவியும் இவ்வாவணங்களிற் பெரும்பாலும் பிறர் எழுத்தின் வழியாகவே வெளிப்படுகின்றனர். ஆடவர் போனபின் வயலிலும் தொழுவத்திலும் அவர்களின் வேலை இரட்டித்தது. கணவன் இறப்பின் ஓய்வூதியம் வந்தது. அதனோடு அதனை யார் ஆள்வது என்னும் பிணக்கும் வந்தது. இன்றைய ஹரியானாவாகிய தென்கிழக்குப் பஞ்சாபிலே, விதவையைக் கணவனின் சகோதரனுக்கு மணமுடிக்கும் ‘கரேவா’ வழக்கம், நிலமும் பணமும் குடும்பத்தை விட்டு அகலாதிருக்கப் பயன்பட்டமையைப் பிரேம் சௌத்ரியின் ஆய்வுகள் விளக்கியுள்ளன. மகனை மனமுவந்து அனுப்பும் வீரத்தாய் அரசின் பிரசாரத்தில் மிகுதியாக உலவினாள். போரையும் அரசையும் நொந்து பெண்கள் பாடிய நாட்டார் பாடல்களோ ஏட்டிலேறாது வாய்மொழியாகவே நெடுங்காலம் வழங்கின. வீரத்தாயை யார் பாடினார், யாருக்காகப் பாடினார் என்னும் வினாவை மூதின் முல்லையை நோக்கியும் நாம் எழுப்புதல் தகும்.

6

இலக்கியம் இவ்வனுபவத்தை இருவேறு வகையில் எதிர்கொண்டது. சந்திரதர சர்மா குலேரி 1915 இல் வெளியிட்ட ‘உஸ்னே கஹா தா’ என்னும் ஹிந்திச் சிறுகதை போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டது. சுபேதாரின் மனைவி, படைக்குச் செல்லும் தன் கணவனையும் மகனையும் காக்குமாறு, இளமையிலே தான் சந்தித்த லேனா சிங்கிடம் வேண்டுகிறாள். அவன் அவ்விருவரையும் காத்துத் தான் மடிகிறான். போர் ஏன் நடக்கின்றது என்னும் வினா அக்கதையில் இல்லை. எனினும், அவன் உயிர் துறப்பது அரசனுக்காக அன்று, ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சொல்லுக்காகவே என்பதில், பேரரசின் விசுவாசக் கோட்பாட்டை ஆசிரியர் தம்மையறியாமலே மீறிவிடுகிறார்.

முல்க் ராஜ் ஆனந்தின் நாவல் வரிசை அவ்வினாவை நேராகவே எழுப்புகின்றது. பட்டாளத்திற் பணியாற்றியவரின் மகனாகிய ஆனந்த், 1935 இல் இலண்டனில் உருவாகிய முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1939, 1940, 1942 ஆகிய ஆண்டுகளில் முறையே வெளிவந்த மூன்று நாவல்களில், லால் சிங் என்னும் உழவர்மகன் ஊரைவிட்டோடிப் படையிற் சேர்வதும், பிரான்சின் அகழிகளிற் போரிடுவதும், திரும்பிவந்து குடும்பம் சிதைந்தமை கண்டு விவசாயிகள் இயக்கத்தில் இறங்குவதும் சித்திரிக்கப்படுகின்றன. இரண்டாம் நாவலே போர்நாவல் என்னும் வகையிற் பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின், முதல் நாவலின் கடன்பட்ட கிராமம் இல்லையேல் இரண்டாவதன் அகழி விளங்காது. மூன்றாவதன் போராட்டம் இல்லையேல் அகழியின் பாடமும் முற்றுப்பெறாது. போரை ஆரம்பமும் முடிவும் உள்ள தனி நிகழ்ச்சியாகக் கொள்ளாது உற்பத்தி உறவுகளின் தொடர்ச்சியாகக் கண்டமையே ஆனந்தின் சாதனை எனலாம்.

7

போர் முடிந்தது. 1918 இன் பிற்பகுதியிற் பரவிய சளிச்சுரக் கொள்ளைநோய் பஞ்சாபிற் பல இலட்சம் உயிர்களைக் கவர்ந்தது. விலைவாசி உயர்ந்திருந்தது. சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த 1919 இல் ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரில் 13 இல் ஜாலியன்வாலாபாக்கிலே படுகொலை நிகழ்ந்தது. அதனை அடுத்துப் பஞ்சாபிற் படைச்சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. பேரரசுக்குப் பெருந்தொகையாகப் பிள்ளைகளைக் கொடுத்த மாகாணமே இக்கைம்மாற்றைப் பெற்றது. ஜீலம் மாவட்டத்து டுல்மியால் என்னும் கிராமம் 460 பேரைப் போருக்கு அனுப்பியமைக்காகப் பழைய பீரங்கியொன்றைப் பரிசாகப் பெற்றது. அது இன்றும் அவ்வூரில் நிற்கிறது.

எமது வினாவுக்கு இனி விடை கூறலாம். வீரம், வறுமை, வற்புறுத்தல் ஆகிய மூன்றும் தனித்தனிக் காரணங்களல்ல. நிலப்பங்கீடும் வரியும் கடனும் ஒருவனை வீட்டிலிருந்து தள்ளின; சம்பளமும் நிலவாக்குறுதியும் அவனை ஈர்த்தன; மானவுணர்வு அத்தள்ளலுக்கும் ஈர்ப்புக்கும் கௌரவமான பெயரொன்றைக் கொடுத்தது. இவை போதாத இடத்தில் அதிகாரத்தின் கை வெளிப்படையாக நீண்டது. குடும்பம் முடிவெடுத்தது என்பது உண்மை. முடிவெடுக்கும் சூழலை அது தெரிவுசெய்யவில்லை என்பதும் உண்மை.

இவ்வாய்வு நமக்குப் புறம்பான ஒன்றன்று. மசபி, ராம்தாசியா என்னும் தாழ்த்தப்பட்ட சீக்கியரைக் கொண்டு 1941 இல், மற்றொரு பேரரசுப் போரின் தேவைக்காக அமைக்கப்பட்ட படைப்பிரிவே பின்னர் சீக்கிய இலகு காலாட்படை எனப் பெயர்பெற்றது. 1987 ஒக்ரோபர் 12 அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் அப்படையைச் சேர்ந்த 30 பேர் உலங்குவானூர்தியில் இறக்கப்பட்டனர். ஒருவர் தவிர அனைவரும் மாண்டனர். அதே நாளிற் கொக்குவிலில் இந்தியப் படையினராற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கொன்றதையும் கொல்லப்பட்டதையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எமது நோக்கமன்று. படையெடுத்தவர்களின் ஆணைக்கு யார் பொறுப்பு என்னும் வினா அப்படியே இருக்கின்றது. ஆயினும் அம்மைதானத்தில் விழுந்தவர்கள் எந்த வயலிலிருந்து, எந்தக் கடனிலிருந்து, எந்த நூற்றாண்டுக்கால ஆட்சேர்ப்பு ஒழுங்கிலிருந்து வந்தனர் என்பதை அறியாத வரலாறு அரைகுறையானதே. 1983 தொடக்கம் 2009 வரை இத்தீவின் வடக்கிலும் தெற்கிலும் பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த குடும்பங்களைப் பற்றி நாம் எழுதப் புகும்போதும், வீரத்தாயின் படிமத்தோடு அமைந்துவிடாது, அவள் வீட்டின் நிலம், கடன், அவளுக்கிருந்த தெரிவுகள் ஆகியவற்றையும் கேட்டறிதல் ஆய்வாளரின் கடமையாகும்.